பழைய ஷிங்கிளின் மேலேயே புதியதை அடிக்கலாமா?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டுக் கூரைக்கு, ஓடுபோல வரிசையாக அடிக்கும் ஆஸ்பால்ட் ஷிங்கிள் போட்டு 21 ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கூரையோர மழைநீர்க் கட்டரில் கருமணல் போன்ற துகள்கள் கைப்பிடிக் கணக்கில் சேர்கின்றன. வெயில் படும் பக்கத்தில் ஷிங்கிள்களின் ஓரங்கள் சுருண்டு நிற்கின்றன. சென்ற மழைக்காலத்தில், புகைபோக்கியை ஒட்டிய படுக்கையறையின் உட்கூரையில் ஒரு பழுப்புக் கறை தோன்றியது. மூன்று ஒப்பந்தக்காரர்களை அழைத்துக் காட்டினேன். புகைபோக்கியைச் சுற்றித் தார் பூசினால் இன்னும் ஐந்து ஆண்டுகள் ஓட்டிவிடலாம் என்றார் ஒருவர். பழைய ஷிங்கிளின் மேலேயே புதியதை அடித்துவிடலாம், செலவு வெகுவாகக் குறையும் என்றார் மற்றொருவர். மூன்றாமவர் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்கிறார். அவர் கேட்கும் தொகைதான் அதிகம். கூரையில் சூரிய மின்தகடு பொருத்தும் எண்ணமும் எங்களுக்கு உண்டு. யார் சொல்வதை நம்புவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்களைக் கொண்டு பார்த்தால் மூன்றாமவர் சொல்வதே சரி. கூரை வேலையில் 26 ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகவே எழுதுகிறேன். ஆனால், அதிகத் தொகை கேட்கிறார் என்பதற்காகவே அவர் நல்ல வேலைக்காரர் ஆகிவிட மாட்டார். பெயர்த்தெடுத்த பிறகு அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை அறிந்துகொண்ட பின்னரே வேலையை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். எனவே, ஏன் பெயர்க்க வேண்டும் என்பதோடு, பெயர்த்த பிறகு என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கருமணலைப் பற்றி. ஷிங்கிள் என்பது கண்ணாடியிழை விரிப்பு ஒன்றின் இருபுறமும் தார் போன்ற ஆஸ்பால்ட் பூசி, வெளிமுகத்தில் நிறமூட்டிய கல்துகள்களைப் பதித்துச் செய்யப்படுவது. தண்ணீரைத் தடுப்பது ஆஸ்பால்ட். அந்த ஆஸ்பால்ட்டைச் சூரியனின் புற ஊதாக் கதிர்களிடமிருந்து காப்பது கல்துகள். துகள் உதிர்ந்த இடத்தில் ஆஸ்பால்ட் நேரடியாக வெயிலில் காய்ந்து, எண்ணெய்ப் பசை வற்றி, விறைத்துச் சுருங்குகிறது. நீங்கள் காணும் சுருண்ட ஓரங்களுக்கு அதுவே காரணம். புதிய கூரையிலும் முதல் சில மழைகளில் ஒட்டாத துகள்கள் சிறிது கழுவப்பட்டு வரும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 21 ஆண்டுகள் கழித்துக் கைப்பிடிக் கணக்கில் வருவது வேறு செய்தி. ஒற்றை அடுக்குள்ள மூன்று மடல் ஷிங்கிள் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கும். இரண்டு அடுக்குகளை ஒட்டிச் செய்த கனத்த ரகம் 20 முதல் 30 ஆண்டுகள் வரை உழைக்கும். உங்களுடையது எந்த ரகமாக இருந்தாலும் தன் காலத்தை ஏறக்குறைய முடித்துவிட்டது. இடையில் ஒன்று: கூரையில் கரிய கோடுகள் வழிந்தது போல் இருந்தால் அது பெரும்பாலும் பாசி வகை நுண்ணுயிரின் வேலை, பார்க்க நன்றாக இராதே தவிர, கூரை கெட்டதற்கு அது அடையாளம் அன்று. அதைப் போக்குவதாகச் சொல்லி உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சுவோரை அனுமதிக்காதீர்கள். எஞ்சியிருக்கும் துகள்களும் அதோடு போய்விடும்.

தார் பூசச் சொன்னவரின் யோசனை ஏன் பயன்படாது என்று பார்ப்போம். புகைபோக்கி கூரையைத் துளைத்து மேலே வரும் இடத்தில் தண்ணீரைத் தடுப்பது ஷிங்கிள் அன்று, உலோகத் தகடுகள். இவற்றைப் பிளாஷிங் என்பார்கள். புகைபோக்கியின் பக்கவாட்டில், ஷிங்கிளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றாக, ‘எல்’ வடிவில் மடித்த சிறு தகடு வைக்கப்பட்டிருக்க வேண்டும். தகட்டின் ஒரு பாதி சுவரை ஒட்டி நிற்கும். மறுபாதி ஷிங்கிளின் அடியில் படுக்கும். அடுத்த வரிசைத் தகடு இதன் மேல் ஏறி நிற்கும். மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், உள்ளே நுழையும் தண்ணீர் ஒவ்வொரு படியிலும் மீண்டும் வெளியே தள்ளப்படுகிறது. அந்தத் தகடுகளின் மேல்விளிம்பை மூடுவதற்கு, செங்கல் வரிசைகளுக்கு இடையிலுள்ள சாந்தில் கீறிச் செருகிய மற்றொரு தகடு மேலிருந்து கவிந்து வர வேண்டும். இந்த ஏற்பாடு தளர்ந்தோ துருப்பிடித்தோ போனால் ஒழுகும். அதன் மேல் தாரை அப்பினால், ஒழுக்கு சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ நிற்கும். பிறகு வெயிலில் தார் காய்ந்து வெடித்து, அந்த வெடிப்பில் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். புண்ணுக்குப் புனுகு பூசும் வேலை இது.

சரி, தார் வேண்டாம், புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகடுகளை மட்டும் முறைப்படி மாற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். பத்து ஆண்டு வயதுள்ள கூரையென்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் தகடுகளை மாற்ற வேண்டுமானால் சுற்றிலும் உள்ள ஷிங்கிள்களை ஒட்டுப்பசையிலிருந்து பிரித்து, மேலே வளைத்துத் தூக்கி, ஆணியைப் பிடுங்க வேண்டும். அதிகக் குளிரோ வெயிலோ இல்லாத ஒரு நாளில் உங்கள் ஒப்பந்தக்காரரை ஒரு ஷிங்கிளின் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ளது தடித்த தோல் போல வளையும். காலம் முடிந்தது அப்பளம் போல் நொறுங்கும். நொறுங்கும் கூரையில் ஓர் இடத்தைச் சரிசெய்யப் போனால் அக்கம்பக்கத்தில் நாலு இடம் உடையும். பழுதுபார்க்கும் கட்டத்தை அந்தக் கூரை தாண்டிவிட்டது என்று பொருள்.

இனி இரண்டாமவரின் யோசனை. பழையதன் மேல் புதியதை அடிப்பது பல இடங்களில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே. ஆஸ்பால்ட் ஷிங்கிள் மிகுதியாகப் புழங்கும் அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டட விதித்தொகுப்பும், ஏற்கெனவே இரண்டு அடுக்குகள் இருந்தாலோ, பழைய கூரை நீரில் ஊறியோ சிதைந்தோ இருந்தாலோதான் அதைத் தடுக்கிறது. ஆகவே அவர் சட்டவிரோதமான எதையும் சொல்லவில்லை. ஆயினும் உங்கள் கூரைக்கு அது பொருந்தாது. உட்கூரையில் கறை தோன்றிவிட்டது. அப்படியானால் மேலே எங்கோ மரப்பலகை நனைந்திருக்கிறது. எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைப் பெயர்த்தெடுக்காமல் யாராலும் சொல்ல இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் இரண்டு அடுக்குகளைப் பெயர்த்தோம். மேலடுக்கு போட்டு ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. தரையிலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாத கூரை. புகைபோக்கியின் மேற்புறத்தில் ஷிங்கிளை நீக்கியதும், அடியிலிருந்த ஒட்டுப்பலகை நனைந்த ரஸ்க்கைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்து கையோடு வந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. அதைத் தாங்கி நின்ற கைமரத்தின் முதுகும் ஒரு முழ நீளத்துக்குக் கறுத்து மெத்தென்றிருந்தது. மேலடுக்கை அடித்தவர்கள் அந்த இடத்தில் நின்றுதான் ஆணி அடித்திருப்பார்கள்; கால் அமுங்குவதை உணராமல் இருந்திருக்க முடியாது. அதைச் சொல்லாமல் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் இப்போது இரண்டு அடுக்குகளைப் பெயர்க்கும் கூலி, பலகை, கைமரத்தைச் சீர்செய்யும் தச்சு வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்தார். அன்று மிச்சப்படுத்தியது எவ்வளவோ, அதைவிடப் பலமடங்கு.

எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூரை வேலையில் 100 சதுர அடியை ஒரு ‘ஸ்கொயர்’ என்று கணக்கிடுவோம். ரகத்தைப் பொறுத்துக் கூடக்குறைய இருந்தாலும், கனத்த ரக ஷிங்கிள் ஒரு ஸ்கொயருக்கு ஏறக்குறைய 100 கிலோ வரும். 20 ஸ்கொயர் கூரையில் இரண்டாம் அடுக்கை ஏற்றுவது கைமரங்களின் மேல் மேலும் இரண்டு டன்னை நிரந்தரமாக வைப்பதாகும். அதன் மேல் சூரிய மின்தகடுகளையும் பொருத்த எண்ணுகிறீர்கள். பனி பொழியும் இடமாக இருந்தால் அந்தச் சுமையும் சேரும். மேலும், சுருண்ட ஷிங்கிள்களின் மேல் அடிக்கும் புதியது சமமாகப் படியாது. அடியிலுள்ள மேடுபள்ளம் மேலே தெரியும். ஒட்டுப்பசை பிடிக்காத இடங்களில் காற்று நுழைந்து தூக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதான அந்தப் பிளாஷிங் தகடுகள் அப்படியே உள்ளே புதைந்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அட்டிக் எனப்படும், உட்கூரைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட பரணில், பகல் நேரத்தில் டார்ச் விளக்குடன் ஏறிப் பாருங்கள். உத்தரக் கட்டைகளின் மேல் மட்டும் கால் வையுங்கள். இடைவெளியில் மிதித்தால் உட்கூரை உடைந்துவிடும். கூரையின் மேல் நீங்கள் ஏற வேண்டாம். துகள் உதிர்ந்த ஷிங்கிள் வழுக்கும், அந்த வேலையை உரிய பாதுகாப்புக் கயிற்றுடன் வருபவர்கள் செய்யட்டும். உள்ளிருந்து பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். தண்ணீர் நேராகக் கீழே சொட்டுவதில்லை. நுழைந்த இடத்திலிருந்து கைமரத்தின் ஓரமாக வழிந்து, பல அடி தள்ளிக் கூடச் சொட்டும். ஆகவே உட்கூரைக் கறைக்கு நேர் மேலே மட்டும் பார்க்காமல், அங்கிருந்து முகட்டை நோக்கி மேலேறும் கறைத் தடத்தைப் பின்தொடருங்கள். ஒரே தடமாக இருந்து அது புகைபோக்கியில் போய் முடிந்தால் அது மழை ஒழுக்கு. குழாய்கள் கூரையைத் துளைக்கும் இடத்தில் முடிந்தால், அந்தக் குழாயைச் சுற்றியுள்ள ரப்பர் கழுத்துப்பட்டி வெடித்திருக்கும். ஷிங்கிளுக்கு முன்பே ஆயுள் முடிந்துபோகும் பொருள் அது.

ஆனால் தடமே இல்லாமல், பலகையைத் துளைத்து வெளிவந்திருக்கும் ஆணி முனைகள் எல்லாவற்றிலும் துருவும், ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் காசு அளவுக்குக் கரிய வட்டமும் தெரிந்தால், அது மழைநீர் அன்று. வீட்டுக்குள்ளிருந்து மேலேறும் ஈரக்காற்று, குளிர்ந்த ஆணி முனையில் பட்டுத் துளித்துளியாகப் படிந்ததன் அடையாளம் அது. குளிர்காலத்து விடியற்காலைகளில் அந்த முனைகளில் வெண்பனி கோத்திருப்பதையும், வெயில் ஏறியதும் அது உருகி நூற்றுக்கணக்கான இடங்களில் சொட்டுவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஷிங்கிளை மாற்றுவார்; அடுத்த குளிர்காலத்தில் அதே கறை வரும். குளியலறைக் காற்றுவெளியேற்றியின் குழாய் வெளியே விடப்படாமல் அட்டிக்கிலேயே முடிந்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். இந்தக் கோளாறு நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணமாகக் காணப்படுகிறது.

இதனால்தான் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசாத ஒப்பந்தக்காரரை நான் நம்புவதில்லை. இறவாணத்தின், அதாவது சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் கூரையோரத்தின், அடிப்பகுதியில் காற்று உள்ளே நுழைய வேண்டும். முகட்டில் வெளியேற வேண்டும். முன்சொன்ன விதித்தொகுப்பின்படி அட்டிக் தரைப்பரப்பில் 150-இல் ஒரு பங்கு காற்று வழி இருக்க வேண்டும். மேலும் கீழும் சமன்பட அமைத்து மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் 300-இல் ஒரு பங்கு போதும். 1,200 சதுர அடி அட்டிக்குக்கு இந்த இரண்டாவது கணக்கில் 4 சதுர அடி. அதில் இரண்டு கீழே, இரண்டு மேலே. பெரும்பாலோர் முகட்டுத் திறப்பைப் புதிதாக வைத்துவிட்டு, கீழே இறவாணத் துளைகளை வெப்பக்காப்புப் பஞ்சு அடைத்திருப்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். நுழைவு இல்லாமல் வெளியேற்றம் மட்டும் இருந்தால், அது வீட்டுக்குள்ளிருக்கும் காற்றையே உட்கூரை இடுக்குகள் வழியாக இழுத்துக்கொள்ளும். காற்றோட்டம் போதாவிட்டால் ஷிங்கிள் தயாரிப்பாளர்கள் உத்தரவாதத்தை மறுக்கவும் கூடும்.

பெயர்த்த பிறகு வரிசை இப்படி இருக்க வேண்டும்: அடிப்பலகை முழுவதையும் நடந்து பார்த்து, அமுங்குவதையும் கறுத்ததையும் வெட்டியெடுத்துப் புதியது வைக்க வேண்டும். இறவாண ஓரத்தில், தண்ணீரைப் பலகையிலிருந்து விலக்கி வெளியே சொட்டவிடும் சொட்டுத் தகடு முதலில், அதன் மேல் ஷிங்கிளுக்கு அடியில் விரிக்கும் நீர்காப்பு அடிவிரிப்பு. ஆனால் பக்கச்சரிவு ஓரங்களில் அடிவிரிப்பு முதலில், அதன் மேல் தகடு. இந்த முறை மாறினால் தண்ணீர் பலகைக்குள் போகும். இரண்டு சரிவுகள் கூடும் பள்ளங்களிலும், புகைபோக்கியைச் சுற்றியும், தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கலந்த விரிப்பைப் போடச் சொல்லுங்கள். பனி உறையும் இடமானால், இறவாணத்திலிருந்து வெளிச்சுவரின் உட்பக்கக் கோட்டைத் தாண்டி 24 அங்குலம் வரையாவது அந்த விரிப்பு ஏற வேண்டும். சரிவுக்கு எதிரே நிற்கும் உங்கள் புகைபோக்கியின் அகலம் 30 அங்குலத்துக்கு மேல் இருந்தால், அதன் மேற்புறத்தில் தண்ணீரை இரு பக்கமும் பிரித்துவிடும் சிறு முகடு ஒன்று கட்டப்பட வேண்டும். நான் மேலே சொன்ன வீட்டில் அது இல்லை. இருபது ஆண்டுத் தண்ணீரும் சருகும் அந்த மூலையில்தான் தேங்கியது. கூரையின் வாட்டம் 12 அங்குலக் கிடைநீளத்துக்கு 4 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள பகுதி ஏதேனும் இருந்தால் அங்கே அடிவிரிப்பு இரட்டையாக வேண்டும். 2 அங்குலத்துக்கும் குறைவென்றால் ஷிங்கிளே கூடாது.

ஷிங்கிளின் நிறத்தையும் ரகத்தையும் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மூன்று மடல் ரகத்தைவிட இரட்டை அடுக்கு ரகத்தை எடுங்கள். விலை வேற்றுமை அதன் உழைப்பில் திரும்பிவிடும். எந்த நிறுவனத்துடையது என்பதைக் காட்டிலும் ஆணி எப்படி அடிக்கப்படுகிறது என்பதே முக்கியம். இரட்டை அடுக்கு ஷிங்கிளில் இரண்டு அடுக்குகளும் கூடும் குறுகிய பட்டை ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். ஆணி அதற்குள் விழ வேண்டும். இரண்டு அங்குலம் மேலே போனால் ஒரே அடுக்கைத்தான் பிடிக்கும். ஷிங்கிள் ஒன்றுக்குக் குறைந்தது நான்கு ஆணி. காற்று மிகுந்த இடத்திலும் செங்குத்தான சரிவிலும் ஆறு. காற்றழுத்த ஆணித்துப்பாக்கியின் அழுத்தம் கூடினால் ஆணித்தலை ஷிங்கிளைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். குறைந்தால் தலை துருத்தி நின்று மேல் ஷிங்கிளைக் குத்தும். ஆணித்தலை ஷிங்கிளின் மேற்பரப்போடு சமமாக, சாயாமல் படிந்திருக்க வேண்டும். வேலை நடக்கும் முதல் நாள் காலையிலேயே, அடுத்த வரிசை மூடுவதற்கு முன், சில ஆணிகளைப் படமெடுத்துக் காட்டும்படி கேளுங்கள். நல்ல வேலைக்காரர் இதைத் தவறாக நினைக்க மாட்டார்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவற்றை வாய்ச்சொல்லாக விட்டுவிடாதீர்கள். கெட்ட பலகை ஒன்றை மாற்ற எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். கூரை திறந்து கிடக்கும்போது விலை பேசும் நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. “பிளாஷிங் தகடுகள் அனைத்தும் புதியவை” என்ற சொற்கள் அப்படியே இடம்பெற வேண்டும். “தேவைப்பட்டால் மாற்றப்படும்” என்றிருந்தால் மாற்றப்படாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்கு மூடக்கூடிய அளவுக்கே பெயர்ப்பது, குப்பையை அகற்றுவது, விழுந்த ஆணிகளைக் காந்த உருளையால் பொறுக்குவது, தொழிலாளர் காப்பீடு, வேலை முடிந்து நீங்கள் பார்த்த பிறகே கடைசித் தவணை ஆகியவையும் அதில் வேண்டும். தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொருளுக்கு மட்டுமே; ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மதிப்பும் பெரும்பாலும் தேய்ந்துகொண்டே போகும். நான் பார்த்த ஒழுக்குகளில் மிகப் பெரும்பாலானவை வேலைப் பிழையால் வந்தவை. ஆகவே வேலைக்கான உத்தரவாதத்தை ஒப்பந்தக்காரர் தனியே எழுதித் தர வேண்டும்.

எப்போது செய்வது என்றால், மிதமான வெயில் காலமே சிறந்தது. ஷிங்கிளின் அடியிலுள்ள ஒட்டுப்பசைப் பட்டை வெயிலின் சூட்டில்தான் இளகிப் பிடிக்கும். கடுங்குளிரில் போட நேர்ந்தால், ஒவ்வொரு ஷிங்கிளுக்கும் கையால் பசை வைக்க வேண்டும். உச்சக் கோடையில் ஷிங்கிள் இளகி, நடக்கும் காலடியில் துகள் தேய்ந்துபோகும். சூரிய மின்தகடு கூரைக்குப் பிறகுதான். பழைய கூரையில் தகடு பொருத்தினால் சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலி உங்கள் தலையில் விழும். தகடுகளின் தாங்கிகள் எந்தெந்தக் கைமரத்தில் வரும் என்பதை இப்போதே திட்டமிட்டு, அடிப்பலகை திறந்திருக்கும்போது கைமரங்களின் இருப்பிடத்தை அளந்து ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர்கள் குருட்டாம்போக்கில் துளையிட வேண்டியிராது.

நீங்கள் இந்த மாதமே தொடங்க இயலாவிட்டால், அதுவரை புகைபோக்கிப் பகுதியைக் கெட்டித் தார்ப்பாயால் மூடி, அதன் மேல்விளிம்பு முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்படி கட்டச் சொல்லுங்கள்; அட்டிக்கில் சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வையுங்கள். வேலை முடிந்ததும் அதே வகை ஷிங்கிள் கட்டு ஒன்றை எடுத்துக் குளிர்ந்த இடத்தில் படுக்கைவாட்டில் பத்திரப்படுத்துங்கள். முதல் பெருமழை பெய்யும்போது, மழை நிற்பதற்குள் அதே டார்ச் விளக்குடன் அட்டிக்கில் ஏறி, புகைபோக்கியின் நான்கு பக்கங்களையும் கையால் தொட்டுப் பாருங்கள்.